எட்டு விமானம், ஏழு முடிச்சு: சென்னையிலிருந்து உலகைச் சுற்றி ஒரே டிக்கெட்டில்

வழி இது: சென்னை – சிங்கப்பூர் – சிட்னி – ஆக்லாந்து – லாஸ் ஏஞ்சல்ஸ் – நியூவார்க் – லண்டன் – டெல்லி – சென்னை. மார்ச் 20 வெள்ளி இரவு கிளம்பி ஏப்ரல் 7 செவ்வாய் திரும்புவது. சிட்னி, ஆக்லாந்து, நியூயார்க் (நியூவார்க்கில் இறங்கி), லண்டன் நான்கிலும் தங்கல். சிங்கப்பூர், லாஸ் ஏஞ்சல்ஸ், டெல்லி மூன்றும் விமானம் மாற மட்டும். ஊர் பார்த்த கதை இதில் வராது. ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவில் நடப்பவைதான் இந்தக் குறிப்புகள். வானத்தில் இருக்கும்போது பயணிக்கு வேலையே இல்லை. அவிழ்வதெல்லாம் முடிச்சுகளில். ஒவ்வொரு முடிச்சிலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது இங்கே அறுந்தால் பொறுப்பு விமான நிறுவனத்துடையதா, நம்முடையதா?

டிசம்பர்: டிக்கெட் எடுக்கும் வாரம்

முதல் முடிவு, ஒரே டிக்கெட்டா, எட்டுத் தனி டிக்கெட்டா என்பது. தேடல் தளங்களில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் சில செக்டார்கள் (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரையான விமானத் துண்டுகள்) மலிவாகத் தெரியும். அந்த மலிவுக்குள் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. ஒரே டிக்கெட்டில் சென்னை விமானம் தாமதமாகி சிங்கப்பூரில் சிட்னி விமானம் தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. தனி டிக்கெட் என்றால் சிட்னி நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. டிக்கெட்டும் போச்சு, திரும்பி வரும் செக்டார் அதே டிக்கெட்டில் இருந்தால் அதுவும் போச்சு. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சிறிய எழுத்தில் போட்டு விற்கும் தளங்கள் விற்பது இதைத்தான்.

இந்த வழியை ஸ்டார் அலயன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணிக்குள்ளேயே முடிக்கலாம்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் நியூசிலாந்து, யுனைடெட், 2014 ஜூலையில் கூட்டணியில் சேர்ந்த ஏர் இந்தியா. உலகைச் சுற்றும் கட்டணங்களுக்குச் சில விதிகள் உண்டு. கிழக்கே கிளம்பினால் கிழக்காகவே போக வேண்டும். பசிபிக்கை ஒரு முறை, அட்லாண்டிக்கை ஒரு முறை கடக்க வேண்டும். கிளம்பிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். விமான நிறுவனத் தளங்களின் 'மல்டி சிட்டி' பெட்டி எட்டு செக்டாரை, அதுவும் நான்கு நிறுவனங்களோடு, பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. இவ்வளவு முடிச்சுள்ள வழிக்கு நல்ல ஏஜென்ட் ஒருவர் வாங்கும் சேவைக் கட்டணம் வீண் செலவல்ல. ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாது. கூகுளின் ஐடிஏ மேட்ரிக்ஸ் தளத்தில் வழியைப் போட்டுப் பார்த்து, விமான எண், தேதி, கட்டண வகுப்பு எழுத்து மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். அந்தத் தளத்தில் டிக்கெட் வாங்க முடியாது, பார்க்க மட்டும்தான்.

பணம் கட்டும் முன் கட்டணக் கணக்கு வரியைக் காட்டச் சொல்லுங்கள். ஊர்க் குறியீடுகளும் எண்களும் கலந்த, மந்திரம் மாதிரியான ஒரு நீள வரி அது. அதில் ஓர் ஊரின் முன்னால் எக்ஸ் எழுத்தும் சாய்கோடும் இருந்தால் அது மாறிச் செல்லும் ஊர். இல்லையென்றால் தங்கும் ஊர். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரம்தான் எல்லை. அதற்குள் கிளம்பினால் டிரான்சிட், தாண்டினால் ஸ்டாப்ஓவர். கட்டண விதி எத்தனை ஸ்டாப்ஓவர் அனுமதிக்கிறது என்பது மட்டுமல்ல, வரியும் இதில் தொங்குகிறது. லண்டனில் 24 மணி நேரத்துக்குள் மாறிப் போகிறவருக்கு பிரிட்டனின் விமானப் பயணி வரி கிடையாது. தங்கிவிட்டு டெல்லிக்குக் கிளம்புகிறவருக்கு எகானமியிலேயே தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். எகானமியில் போகும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வரி இல்லை. குடும்பமாகப் போகிறவர்கள் அதைப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

டிக்கெட் வந்ததும் பார்க்க வேண்டியது எண்களை. மின்-டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்றும் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும்: 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 ஏர் இந்தியா, 016 யுனைடெட். இந்த நிறுவனத்தை நினைவில் வையுங்கள். தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுவது எல்லாம் அவர்கள் கையில். ஒரு டிக்கெட் எண்ணில் நான்கு கூப்பன்கள்தான் அடங்கும், ஒரு செக்டாருக்கு ஒரு கூப்பன். நமக்கு எட்டு செக்டார். எனவே இரண்டு எண்கள், அடுத்தடுத்து வரும். முதல் எண்ணில் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை, இரண்டாவதில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சென்னை வரை. முதல் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு 'டிக்கெட் ஆச்சு சார்' என்கிற ஏஜென்ட்கள் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஏன் என்பது ஆறாம் நாளில் வரும்.

அடுத்தது பிஎன்ஆர். ஏஜென்ட் தருவது அவருடைய முன்பதிவு அமைப்பின் ஆறெழுத்து. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தன் அமைப்பில் தனியாக ஓர் ஆறெழுத்து உண்டு. ஆக்லாந்து விமானத்தில் இருக்கை பிடிக்க ஏர் நியூசிலாந்தின் எண்தான் வேண்டும். ஆக மொத்தம் ஐந்து பிஎன்ஆர்: ஏஜென்ட் ஒன்று, நிறுவனங்கள் நான்கு. ஒரே தாளில் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜனவரி: பெயரும் விசாவும்

தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. இனிஷியல் வைத்துப் பழகிய நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். முன்பதிவு அமைப்போ அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. ஒரு நிறுவனம் பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று எஃப்என்யூ ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போடச் சொல்லும். அமெரிக்க விசாவில் தூதரகம் தானே எஃப்என்யூ என்று அச்சிடும். நான்கு நிறுவனம் உள்ள டிக்கெட்டில் இதைத் தீர்மானிக்க வேண்டியவர் டிக்கெட்டை வெளியிடும் நிறுவனம். அவர்கள் சொல்லும் வடிவத்தை எட்டு செக்டாருக்கும் ஒரே மாதிரி போட வேண்டும். உறுதியான வைத்தியம், பயணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, தந்தை பெயரைச் சர்நேம் கட்டத்தில் விரித்து எழுதுவது. நம் வழியில் துபாய் இல்லை. ஆனால் அங்கே இறங்கி ஊர் பார்க்க நினைப்பவர்களுக்கு: 2022 நவம்பர் முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகப் பிறகு தளர்த்தினார்கள்.

விசா வரிசை முக்கியம். முதலில் அமெரிக்கா, நேர்காணல் தேதிதான் எல்லாவற்றையும் இழுத்தடிப்பது. பிறகு பிரிட்டன். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டுவதில்லை. 'லாஸ் ஏஞ்சல்ஸில் வெளியே போகவே மாட்டேன், விமானம் மாறத்தானே' என்ற வாதம் அமெரிக்காவில் எடுபடாது. அங்கே டிரான்சிட் பயணிக்கென்று தனிப் பகுதி கிடையாது. குடிவரவைத் தாண்டித்தான் மாற வேண்டும். அதற்கு மட்டும் போகிறவருக்கே சி-1 விசா தேவை. ஆஸ்திரேலியாவில் விமானம் மாறும் இந்தியருக்கு 771 என்ற டிரான்சிட் விசா, 72 மணி நேரம் வரை, கட்டணம் இல்லை.

லண்டனுக்குப் பதில் ஐரோப்பா வழி யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது விசா முறையில் இணைந்த ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு விமான நிலையங்களைத் தொட்டால், உதாரணமாக ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வியன்னா போய் அங்கிருந்து டெல்லி என்றால், அது டிரான்சிட் அல்ல, நுழைவு. முழு ஷெங்கன் விசா வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கடினம். விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் விசா கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது.

பிப்ரவரி கடைசி: அட்டவணை மாறும் காலம்

உலக விமான அட்டவணைக்கு இரண்டே பருவம். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு. நம் பயணம் மார்ச் 29 ஞாயிற்றைத் தாண்டுகிறது. முதல் மூன்று விமானங்கள் குளிர்காலக் கணக்கு, மீதி ஐந்தும் கோடைக் கணக்கு. டிசம்பரில் விற்ற கோடை நேரங்கள் வெறும் உத்தேசம் என்று வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி, மார்ச்சில்தான் நேரங்கள் நகரும். ஒரு விமானம் 50 நிமிடம் பின்னால் போனால் டெல்லியில் மூன்று மணி நேரமாக இருந்த இடைவெளி இரண்டு மணி பத்து நிமிடமாகச் சுருங்கும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது ஐரோப்பிய வழிகள் சுற்றிப் போக ஆரம்பித்து, பழைய நேரத்தை நம்பிப் போட்ட இணைப்புகள் பல அப்படித்தான் அறுந்தன.

வாரம் ஒரு முறை நான்கு நிறுவனத் தளங்களிலும் பிஎன்ஆரைப் போட்டுப் பாருங்கள். மின்னஞ்சலை நம்ப வேண்டாம், அது ஏஜென்டுக்குத்தான் போகும். நேரம் மாறியிருந்தால் மூன்று படி. ஒன்று, புதிய நேரம் ஒத்துவருமா என்று அடுத்த இணைப்போடு சேர்த்துப் பார்ப்பது. இரண்டு, ஒத்துவராவிட்டால் வேறு விமானம் கேட்பது. மாற்றியது நிறுவனமாக இருக்கும்போது பொதுவாகக் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள். மூன்று, எல்லோரும் மறக்கும் படி: ஏஜென்ட் திரையில் 'ஓகே' அமுக்கினால் முன்பதிவு மட்டும்தான் மாறுகிறது. டிக்கெட்டையும் அதற்கேற்பத் திருத்தவோ மறுபடி வெளியிடவோ வேண்டும். இல்லாவிட்டால் முன்பதிவில் ஒரு விமானம், டிக்கெட்டில் இன்னொரு விமானம். இது வீட்டில் தெரியாது, செக்-இன் கவுன்டரில் தெரியும். 'டிக்கெட் திருத்தியாச்சா? எண் மாறியிருக்கா?' என்று கேட்டால் ஏஜென்டுக்கு நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

இன்னொரு தடை. ஒரு செக்டாரைப் பயன்படுத்தாமல் விட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் ரத்தாகும். கூப்பன்கள் வரிசையாகத்தான் கிழிய வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் போக ஆசை என்றால், டிக்கெட் எடுக்கும்போதே அந்தத் துண்டைத் தரைவழி என்று போடச் சொல்ல வேண்டும். எடுத்தபின் விட்டால் லண்டனும் டெல்லியும் சேர்ந்து போகும்.

மார்ச் 17: கிளம்ப 72 மணி நேரம்

எட்டுக் கூப்பனும் 'ஓபன் ஃபார் யூஸ்' (பயன்படுத்தத் தயார்) நிலையில் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டு ஒரு படம் வாங்கிக்கொள்ளலாம். 'சஸ்பெண்டட்' என்றோ 'எக்ஸ்சேஞ்ச்ட்' என்றோ ஒன்று இருந்தால் இன்றே தீர்க்க வேண்டியது. விமான நிலையத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பெட்டி கட்டும் முன் டிக்கெட்டில் ஒவ்வொரு செக்டாருக்கும் எதிரே உள்ள லக்கேஜ் குறியைப் படியுங்கள். 30 கே என்றால் எத்தனை பெட்டியானாலும் மொத்தம் 30 கிலோ. 1 பிசி, 2 பிசி என்றால் பெட்டி எண்ணிக்கை. எகானமியில் ஒவ்வொன்றும் வழக்கமாக 23 கிலோவுக்குள். தங்கும் ஊர் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கலாம். ஒரே டிக்கெட்டிலேயே சிட்னி வரை எடைக் கணக்கும் பசிபிக்கில் பெட்டிக் கணக்கும் வருவது சாதாரணம். அதனால் 30 கிலோவை ஒரே பெட்டியில் திணிப்பது தவறு. சென்னையில் சிரித்து வாங்கிக்கொள்வார்கள், ஆக்லாந்தில் கூடுதல் எடைக்குப் பணம் கேட்பார்கள். பெட்டிக் கணக்கில் மிகக் குறைந்த அனுமதி எந்தச் செக்டாருக்கு என்று பார்த்து அதற்குத்தான் கட்ட வேண்டும்.

நாள் 1, மார்ச் 20: சென்னை

மூன்று மணி நேரம் முன்னால். கவுன்டரில் இரண்டு போர்டிங் பாஸ் வர வேண்டும், சிங்கப்பூருக்கு ஒன்று, சிட்னிக்கு ஒன்று. ஒன்றுதான் தந்தால் ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.

பெட்டியில் ஒட்டும் டேகில் கடைசி மூன்றெழுத்து சிட்னியைக் குறிக்கும் எஸ்ஒய்டியா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெட்டி பெல்ட்டில் போக வேண்டும். அது எஸ்ஐஎன் என்று இருந்தால் பெட்டி சிங்கப்பூரில் சுற்றிக்கொண்டிருக்கும், எடுக்க ஆளிருக்காது. டேக் எண் பத்து இலக்கம். முதல் இலக்கத்தை விட்டு அடுத்த மூன்று இலக்கங்கள் நிறுவனக் குறியீடு. பெட்டியை வெளியே ஒன்று, திறந்து உள்ளே ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வைத்தால் தொலைந்தால் உதவும்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை; 20,000 எம்ஏஎச் பேங்க் ஒன்று சுமார் 74.

நாள் 2, மார்ச் 21: சிங்கப்பூர்

விடியற்காலை சாங்கி விமான நிலையம். முதல், இரண்டாம், மூன்றாம் டெர்மினல்களுக்கு இடையே உள்ளேயே ரயில் ஓடுகிறது, குடிவரவு வேண்டாம். உள்ளேயே இருப்பவருக்கு வருகை அட்டையும் தேவையில்லை. வெளியே போய் ஜூவல் அருவியைப் பார்க்க ஆசை என்றால், செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசா இருக்கும் இந்தியருக்கு 96 மணி நேர விசாயில்லா டிரான்சிட் வசதி உண்டு. ஆனால் அதற்கு வருகை அட்டை போட வேண்டும். இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவானால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

இந்த மூன்று டெர்மினல்களிலும் பாதுகாப்புச் சோதனை வாயிலிலேயே நடக்கிறது. அதனால் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் வாயிலில் போய்விடும். சென்னை டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலும் முத்திரையிட்ட பையில், ரசீதோடு, பிரிக்காமல் இருந்தால்தான் பேச்சுக்கு இடம்.

சிட்னியில் இறங்கும் முன் வருகை அட்டையில் உணவுக் கேள்வி வரும். மிளகாய்ப் பொடி, ஊறுகாய், முறுக்கு எது இருந்தாலும் 'ஆம்' என்று எழுதுங்கள். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பிடுங்கிக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை அம்மா கட்டிக்கொடுத்திருந்தால் சென்னையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியது.

நாள் 6, மார்ச் 25: சிட்னியிலிருந்து ஆக்லாந்து

மூன்று மணி நேரப் பறப்புதான், ஆனால் இது இன்னொரு நாடு என்பதைப் பலர் மறக்கிறார்கள். நியூசிலாந்தின் இணையவழி அறிவிப்புப் படிவத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுவது நல்லது, இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. இங்கே உணவு விதி சிட்னியைவிடக் கறார்: அறிவிக்காத ஒரு பழத்துக்கு அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர். நடைபயணக் காலணியில் மண் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சிட்னி கவுன்டரில் 'நியூசிலாந்திலிருந்து எப்போது கிளம்புகிறீர்கள்' என்பார்கள். ஆக்லாந்து–லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் டிக்கெட் எண்ணின் நான்காவது கூப்பன், திரையில் தெரியும். அடுத்த கேள்வி 'அமெரிக்காவிலிருந்து?' ஆக்லாந்தில் வரும். அதற்கான விடை இரண்டாவது எண்ணில் இருக்கிறது. அது கையில் இல்லாதவர்கள் அங்கே நின்று ஏஜென்டுக்குப் போன் போடுவார்கள், சென்னையில் அப்போது ஞாயிறு காலையாக இருக்கும்.

நாள் 10, மார்ச் 29: இரண்டு முறை வரும் ஞாயிறு

இந்த வழியில் மிக நீளமான நாள். ஆக்லாந்தில் ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கிளம்பி, சுமார் 12 மணி நேரம் பறந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கும்போது அதே ஞாயிறு பகல் 12. தேதிக்கோட்டைக் கடப்பதால் ஆக்லாந்து 20 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஞாயிறு நியூசிலாந்து கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் இது 19 ஆகும். ஓட்டல் முன்பதிவில் தப்பு நடப்பது இங்கேதான். ஞாயிறு இரவு ஆக்லாந்தில் கிளம்புகிறோம், ஆகவே திங்கள் இரவு அறை என்று போட்டுவிடுவார்கள். தேவை நியூயார்க்கில் ஞாயிறு இரவு அறை. டிக்கெட்டில் இறங்கும் தேதியைத்தான் பார்க்க வேண்டும், கிளம்பும் தேதியிலிருந்து கூட்டக்கூடாது.

கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால், அமெரிக்கா போகும் விமானத்தில் தனிச் சோதனை, சமயத்தில் மறுப்பு. இட்லிப் பொடி பெட்டிக்குள் போகட்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ்தான் ஏழில் முரட்டு முடிச்சு. பெட்டியின் டேகில் நியூவார்க் என்றுதான் இருக்கும், ஆனாலும் பெட்டியை இங்கே நீங்களே எடுக்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் தொடும் ஊரில் சுங்கம் என்பது விதி. சில வழிகளில் இதைத் தளர்த்திச் சோதித்துப் பார்க்கிறார்கள், அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. வரிசை இது: குடிவரவு, பெல்ட்டில் பெட்டி, சுங்கம், வெளியே வந்ததும் இணைப்புப் பெட்டி போடும் கவுன்டர், பிறகு உள்நாட்டு டெர்மினலுக்கு நடை, மீண்டும் பாதுகாப்புச் சோதனை. அந்தக் கவுன்டரைத் தாண்டிப் பெட்டியோடு சாலைக்கு வந்துவிட்டால், மேலே ஏறிப் போய் நிறுவனக் கவுன்டரில் மறுபடி வரிசை. டியூட்டி ஃப்ரீ பாட்டில் இருந்தால் பெல்ட்டுக்கும் அந்தக் கவுன்டருக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து உள்ளே வைக்க வேண்டும்; அதற்கு வேறு வாய்ப்பு கிடையாது.

நேரக் கணக்கு போட்டால்: வாயிலிலிருந்து குடிவரவுக் கூடம் 20 நிமிடம், வரிசை 45 முதல் 90, பெல்ட் 30, சுங்கமும் பெட்டியும் 15, டெர்மினல் மாறிச் சோதனை 40. கூட்டினால் இரண்டரையிலிருந்து மூன்றேகால் மணி நேரம். முன்பதிவு அமைப்பு இதைவிடக் குறைந்த இடைவெளியையும் 'செல்லுபடியாகும் இணைப்பு' என்று விற்கும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று பதிவாகியிருக்கிறது. வியன்னாவில் 25 நிமிடம், ஃபிராங்க்ஃபர்ட்டில் 45, லண்டன் ஹீத்ரோ ஐந்தாம் டெர்மினலுக்குள் 60. அது எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் நேரம், மனிதர் நடக்கும் நேரமல்ல. இங்கே நான்கு மணி நேரம் விட்டிருப்பது சோம்பேறித்தனம் அல்ல.

தவறிவிட்டால்? வெளியே போகாமல் நிறுவனத்தின் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போதே செயலியிலும் தொலைபேசியிலும் முயலலாம். சொல்லாமல் விட்டால் வராத பயணி ஆகி, கடைசிச் சென்னை கூப்பன்வரை ரத்தாகும். ஒரே டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கும். குடிவரவு வரிசையால் தவறியதென்றால் ஓட்டல் அறை தருவது அவர்கள் மனசைப் பொறுத்தது. புதிய போர்டிங் பாஸ் கையில் வந்தபின் ஒரு கேள்வி கேட்காமல் நகரக்கூடாது: 'மீதி மூன்று செக்டாரும் உறுதியாக இருக்கிறதா?' அவசரத்தில் ஒன்றை மாற்றும்போது பின்னால் இருப்பவை உதிர்வது உண்டு.

நாள் 11, மார்ச் 30: நியூவார்க், பெட்டி வராவிட்டால்

நள்ளிரவில் இறங்கி, பெல்ட் நின்று, பெட்டி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் கடைசி விமானத்தை ஓட்டிய நிறுவனத்திடம் புகார் எழுத வேண்டும். பிஐஆர் என்பார்கள். அதன் எண் பத்தெழுத்து: விமான நிலையக் குறியீடு மூன்று, நிறுவனக் குறியீடு இரண்டு, எண் ஐந்து. வேர்ல்டுடிரேசர் தளத்தில் அதைப் போட்டால் பெட்டி எங்கே என்று தெரியும். நான்கு நாளில் லண்டன் போவதால், அடுத்த முகவரியையும் தேதியையும் அந்தப் படிவத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி நம் பின்னாலேயே ஒரு ஊர் தள்ளி வந்துகொண்டிருக்கும்.

1999-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி தாமதம், சேதம், இழப்புக்கு நிறுவனத்தின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அது வரம்புதான், தானாக வரும் தொகை அல்ல. பல்துலக்கி முதல் சட்டை வரை ரசீது இருந்தால்தான் பேச முடியும். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு.

நியூயார்க் என்று தேடினால் நியூவார்க், ஜேஎஃப்கே, லாகார்டியா மூன்றும் கலந்து வரும். ஒன்றில் இறங்கி மற்றொன்றிலிருந்து அதே நாள் கிளம்பும் இணைப்பு விலை குறைவாகக் கண்ணில் படும். நியூவார்க்குக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் மன்ஹாட்டன் இருக்கிறது. தொடவே வேண்டாம்.

நாள் 14, ஏப்ரல் 2: நியூவார்க்கிலிருந்து லண்டன்

இரவு விமானம், மறுநாள் காலை. அமெரிக்காவில் வெளியேறும்போது முத்திரை குத்த ஆளில்லை, நிறுவனம் அனுப்பும் பயணி விவரமே பதிவு. அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் கடைசி ஞாயிறு வரை நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நான்கு மணி நேர வித்தியாசம், இப்போது மீண்டும் ஐந்து.

ஹீத்ரோவில் தானியங்கிக் கதவுகள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் திறக்காது. மனித வரிசைக்கு நேராகப் போகலாம்.

நாள் 18, ஏப்ரல் 6: லண்டனிலிருந்து

இது பணம் சார்ந்த முடிச்சு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் பிரிட்டனின் இழப்பீட்டு விதி பொருந்தும், நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில், கடைசி ஊரை நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாக அடைந்தால் 520 பவுண்ட். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்றால் 260. ஒரே முன்பதிவு என்பதால் அளவிடுவது டெல்லியில் அல்ல, சென்னையில். லண்டனில் ஒன்றரை மணி நேரத் தாமதம், டெல்லி இணைப்பு தவறி, சென்னைக்கு ஐந்து மணி நேரம் பிந்தி வந்தால் அது ஐந்து மணி நேரக் கணக்கு. டெல்லி–சென்னையைத் தனியாக எடுத்திருந்தால் ஒன்றரை மணி நேரக் கணக்கு, அதாவது ஒன்றுமில்லை. புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது, சாப்பாடும் அறையும் மட்டும் உண்டு. தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கவுன்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாள் 19, ஏப்ரல் 7: டெல்லி, சென்னை

அமெரிக்காவில் பார்த்ததே இங்கும். நாட்டில் முதலில் தொடும் ஊரில் குடிவரவு, பெட்டி, சுங்கம், மீண்டும் பெட்டி போடுதல், உள்நாட்டுச் சோதனை. அடிக்கடி பறப்பவர்கள் விரைவுக் குடிவரவுத் திட்டத்தில் முன்பே பதிந்துகொள்ளலாம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டைக்காரர்களுக்கும் கட்டணமில்லை. கைரேகை, படம் முன்பே கொடுத்தவருக்குத் தானியங்கிக் கதவு. காலையில் ஐரோப்பிய விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்கும்போது இது நாற்பது நிமிடம் மிச்சப்படுத்தும்.

சென்னையில் பெட்டி வந்ததும் சக்கரம், கைப்பிடி, பூட்டு மூன்றையும் பெல்ட் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஏழு நாள் இருக்கிறது, ஆனால் எங்கே உடைந்தது என்ற விவாதமும் கூடவே இருக்கும். எட்டுப் போர்டிங் பாஸையும் ஒரு உறையில் போட்டு வைக்கவும். பறந்ததற்குப் புள்ளி சேரும் மைல் கணக்கில் எட்டு செக்டாரும் ஏறியிருக்கிறதா என்று இரண்டு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும்; கூட்டணி விமானங்களில் ஒன்றிரண்டு விடுபடும், அதைக் கோர டிக்கெட் எண்ணும் இருக்கை எண்ணும் கேட்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பிந்தைய செக்டார்களுக்கு இரண்டாவது எண்ணைத்தான் எழுத வேண்டும்.